வந்தியத்தேவன் வழியில் ஒரு வாண்டு

சென்னைவாசிகளான சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. காலையில் குழாயைத் திறந்து குடத்தை வைக்கிறீர்களே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? "புழல் ஏரி" என்பீர்கள். "செம்பரம்பாக்கம்" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் 2004-ஆம் வருஷத்திலிருந்து இன்னோர் ஏரியும் நம் தாகத்தைத் தணிக்க வந்து சேர்ந்திருக்கிறது. இருநூறு கிலோ மீட்டருக்கும் அப்பால், கடலூர் ஜில்லாவில் இருக்கும் அந்த ஏரியிலிருந்து ராட்சசக் குழாய்கள் வழியாகத் தண்ணீர் பட்டணத்துக்குப் பிரயாணம் செய்து வருகிறது. நாளொன்றுக்குப் பதினெட்டுக் கோடி லிட்டர் கொண்டுவருவதற்கென்று போட்ட திட்டம் அது.

ஏரியின் பெயர் வீராணம். இந்தப் பெயர் உங்கள் காதில் சாதாரணமாக விழலாம். அதன் முழுப் பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள்: வீர நாராயண ஏரி! ஓர் ஆடிப் பெருக்கு நாளில், குதிரை மீது ஒரு வாலிப வீரன் கரையோடு வந்தானே, நினைவிருக்கிறதா? அந்த ஏரியேதான். ஆகவே, நம் வீட்டுச் செம்புத் தண்ணீரில் வந்தியத்தேவனுடைய குதிரை குடித்து மிச்சம் வைத்ததும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

அந்த ஏரிக்கரைக்கு என் ஒன்பது வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்வந்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

இரவுக்கு ஓர் அத்தியாயம்

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் ஆரம்பமாகி 1954 வரையில் வாரா வாரம் வெளிவந்தது. என் பாட்டி அந்தப் பக்கங்களைக் கத்தரித்து, மணியத்தின் சித்திரங்களோடு சேர்த்து, ஐந்து தடித்த பைண்டுகளாகத் தைத்து வைத்திருந்தாள். என் அம்மா எனக்கு அந்தப் பைண்டுகளிலிருந்துதான் வாசித்துக் காட்டினாள். நான் என் பெண்ணுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தபோது காகிதம் அப்பளமாய் நொறுங்கியது. பைண்டுகளைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதுப் பதிப்பு ஒன்று வாங்கி வந்தேன்.

என் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ஓயாமல் பேசுவாள். எழுத்துக்களும் தெரியும். ஆனால் தமிழ் என்பது அவளுக்குப் பரீட்சைக்கு உரிய ஒரு பாடம். பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பத்தியைக் காட்டினால், "நீயே படித்துச் சொல்லேன், அம்மா" என்று நழுவிவிடுவாள். இன்றைக்குப் பட்டணத்தில் எத்தனையோ வீடுகளில் இதே நிலைமைதான் என்று எனக்குத் தெரியும். இந்தக் குழந்தைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் என்பது பூட்டிய அறை. சாவி கையில் இருக்கிறது, திருப்பத்தான் சோம்பல்!

ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பத்து மாதம் ஆகும். நடுவில் ஜுரம், விருந்தாளிகள், பரீட்சை எல்லாம் வந்ததில் எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

உரக்கப் படிப்பதில் ஒரு ரகசியம் இருக்கிறது. மௌனமாகப் படிக்கும்போது வர்ணனைகளையும் சரித்திர விளக்கங்களையும் தாண்டிக்கொண்டு, அடுத்து என்ன ஆயிற்று என்று பாய்ந்துவிடுகிறோம். பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் அந்த வித்தை பலிக்காது. "ஒரு பக்கம் சீக்கிரம் புரட்டிவிட்டாயே!" என்று கையைப் பிடித்துக்கொள்ளும். நான் சிறு வயதிலிருந்து நாலைந்து தடவை படித்த புத்தகத்தில், ஆற்றையும் வாய்க்காலையும் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். குரல் மாற்றிப் படிக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல், பெரிய பழுவேட்டரையருக்கு ஒரு குரல். அடுத்த வீட்டு அம்மாள் ஒருநாள், "உங்கள் வீட்டில் ராத்திரி யாரோ புருஷர் அதட்டுகிறாரே?" என்று விசாரித்தாள்.

பெண்ணுக்கு மிகவும் பிடித்தவள் குந்தவை அல்ல, நந்தினியும் அல்ல. கோடிக்கரையில் தன்னந்தனியாகப் படகு ஓட்டும் பூங்குழலிதான்.

"கொன்றது யார்?"

ஐந்தாவது பாகத்தில் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொலையுண்ட இரவை நாங்கள் எட்டினோம். படித்தவர்களுக்குத் தெரியும், வாள் யாருடைய கையிலிருந்து பாய்ந்தது என்று ஆசிரியர் பளிச்சென்று சொல்லவில்லை. என் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யார் அம்மா கொன்றது?"

"தெரியவில்லையே, கண்ணு."

"கதை எழுதியவருக்குக் கூடவா தெரியாது?"

என் கணவர் செல்போனைக் கையில் எடுத்தார். "அது வேண்டாம். இதைப் பற்றிச் சொல்லுகிற ஒரு கல் இருக்கிறது. அதனிடமே போய்க் கேட்டுவிட்டு வருவோம்" என்றேன். அடுத்த ஆடி மாதத்தில் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினோம்.

ஏரிக்கரையில்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சுமார் இருபத்தைந்து கிலோ மீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் வாய்க்கால்களும் நாற்றங்கால்களும். கரை மீது ஏறி நின்றதும் என் பெண், "இது ஏரியா, சமுத்திரமா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. முதலாம் பராந்தக சோழன் (907 முதல் 955 வரை ஆண்டவன்) காலத்தில் தோண்டப்பட்ட ஏரி இது. வீர நாராயணன் என்பது அவனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று. அவன் மகன் இராஜாதித்தன், போருக்குக் காத்திருந்த வீரர்களைக் கொண்டு இதை வெட்டுவித்தான் என்பது வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. கொள்ளிடத்துக் கீழணையில் பிரியும் வடவாறு இதில் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்துக்கு இதுதான் பாசனம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ராஜா வெட்டிய ஏரி இன்றைக்கும் சோறு போடுகிறது, தாகத்துக்குத் தண்ணீரும் தருகிறது என்றால், இதைவிடப் பெரிய ஜயஸ்தம்பம் வேறு என்ன வேண்டும்?

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஏரியில் அலை அடித்தது. கரை ஓரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை மறுபடியும் உரக்கப் படித்தேன். காற்று என்னைவிட வேகமாகப் பக்கங்களைப் புரட்டியது. கொஞ்சம் தள்ளிப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"என்னம்மா படிக்கிறீங்க? எங்க ஏரிப் பேரு வருதே?"

சொன்னேன். அவள் உட்கார்ந்து அத்தியாயம் முடியும் வரையில் கேட்டாள். பிறகு, "அந்தப் புள்ள ஊரு போய்ச் சேர்ந்திச்சா?" என்றாள். வந்தியத்தேவனைப் பற்றித்தான்! "சேர்ந்துட்டான் பாட்டி, ஆனா ரொம்ப நாள் ஆகும்" என்று என் பெண் பதில் சொன்னாள். மற்றவருக்குக் கதை சொல்லுகிற இடத்தில் அவள் நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கல் சொன்ன சாட்சி

காட்டுமன்னார்கோயில் சின்ன ஊர்தான். ஆனால் வைஷ்ணவ ஆசாரியர்களான நாதமுனிகளும் ஆளவந்தாரும் அவதரித்த ஸ்தலம். ஊரின் ஒரு பகுதி உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. நாங்கள் தேடி வந்த கல்வெட்டு அந்தக் கோயில் சுவரில்தான் இருக்கிறது. குருக்கள் கூடவே வந்து இடத்தைக் காட்டினார்.

இராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்த இரண்டாவது வருஷத்தில், அதாவது கி.பி. 987-ஐ ஒட்டி, பொறித்த கல்வெட்டு அது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர்களை அது சொல்கிறது. அவர்களுடைய சொத்துக்களையும் உறவினர் சொத்துக்களையும் பறிமுதல் செய்து விற்பது பற்றி, ராஜா இந்த ஊர்ச் சபைக்கு அனுப்பிய உத்தரவு அதில் இருக்கிறது. கொலை நடந்து பதினைந்து வருஷங்களுக்கும் மேல் ஆன பிறகு வந்த உத்தரவு!

"ரவிதாசனா? நம்ம மந்திரவாதி ரவிதாசனா?" என்று குழந்தை துள்ளினாள். ஆமாம், கதாசிரியர் இந்தக் கல்லிலிருந்துதான் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டார். "அவர்களை யார் ஏவினார்கள் என்று போட்டிருக்கிறதா?" இல்லை. தண்டனைக்கு ஏன் இத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் இல்லை. சரித்திர ஆசிரியர்கள் இன்றுவரை அதைப் பற்றி வாதம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

"எங்கே எழுதியிருக்கிறது? படித்துக் காட்டு, அம்மா" என்றாள்.

சுவரைப் பார்த்தேன். அதுவும் தமிழ்தான். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி கிடையாது. வடமொழிச் சொல் வந்தால் நடுவில் கிரந்த எழுத்து. தமிழில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற என்னால் ஒரு வரியைச் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. சாஸன இலாகாக்காரர்கள் கல்லின் மீது காகிதத்தை ஒற்றி, மைப்படி எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்து அச்சிட்டு வைத்ததனால் அல்லவா இதில் உள்ளது எனக்குத் தெரிந்தது?

"உனக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் கேலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் அம்மாவும் பெண்ணும் ஒரே வகுப்பு மாணவிகள் ஆகிவிட்டோம். அவள் சுவரில் கண்ணை ஓட்டினாள். "இதோ ப! இதோ ட! இது ம தானே?" என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். அரை மணி நேரம் நாங்கள் அங்கிருந்து நகரவில்லை.

எந்தக் கல்லிலும் இல்லாதவள்

பக்கத்தில் மேலக் கடம்பூர். குதிரைகளும் சக்கரங்களும் பூட்டிய ரதம் போலவே ஒரு சிவாலயம் அங்கே இருக்கிறது. நம் கதைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டது என்றாலும் அவசியம் பார்க்க வேண்டியது. அதைத் தரிசித்துவிட்டு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் சேர்ந்தோம்.

பெரிய கோயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? 1010-ல் பூர்த்தியான அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் இராஜராஜனுடைய தமக்கை குந்தவைப் பிராட்டியின் கொடைகள் வரிசையாக இருக்கின்றன. தாய் தந்தையருக்கே விக்கிரகம் எடுத்து வைத்த புண்ணியவதி அவள். வல்லவரையர் வந்தியத்தேவருடைய தேவியார் என்றும் அவளைக் கல் குறிப்பிடுகிறது. வந்தியத்தேவனைப் பற்றி அதற்கு மேல் விவரம் சொற்பமே. அந்தச் சொற்பத்திலிருந்துதான் ஐந்து பாகத்துக்குக் கதாநாயகன் கிடைத்தான்!

வெயில் தாழ்ந்த நேரம். பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். என் பெண் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். "குந்தவை இருக்கிறாள். வந்தியத்தேவன் இருக்கிறான். ரவிதாசன் இருக்கிறான். பூங்குழலி எந்தக் கல்லில் இருக்கிறாள்?"

"எந்தக் கல்லிலும் இல்லை, கண்ணு. அவள் கற்பனைப் பாத்திரம். நந்தினியும் அப்படித்தான்."

அவள் முகம் வாடிவிட்டது. வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் பூங்குழலி புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறாளா?" என்றாள்.

"ஆமாம்."

"புத்தகத்தை யாரும் படிக்காவிட்டால்?"

சகோதரிகளே, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. குந்தவைக்குக் கருங்கல் இருக்கிறது. யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் அவள் பெயர் நிற்கும். அந்தப் படகுக்காரப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? நம் வீட்டுக் குழந்தைகள்தான் இருக்கிறார்கள்.

அவள் என் பையைத் திறந்தாள். புத்தகத்தை எடுத்து, பூங்குழலி வரும் பக்கத்தைத் தேடினாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, தடுக்கித் தடுக்கிப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு பத்திக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் திருத்தவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு

ஆடி முதல் தை வரையில் வீராணத்தைப் பார்க்க நல்ல காலம். மழை பொய்த்த வருஷத்தில் ஏரி வெறும் மைதானமாகிவிடும், விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். சிதம்பரத்தில் தங்கினால் ஏரி, உடையார்குடி, மேலக் கடம்பூர் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும். ஆகையால் கல்வெட்டைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். குந்தவை வளர்ந்த பழையாறை, கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவான பதிப்புகளுக்குப் பஞ்சமில்லை.

முன்னெச்சரிக்கை ஒன்று. ஏரிக்கரைக் காற்றில் பெரிய பழுவேட்டரையர் குரலில் படித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். பனங்கற்கண்டும் நாலு மிளகும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்!