ரேடியோவில் கேட்டது, டிவியில் பார்த்தது

நான் எந்த விளையாட்டிலும் எந்தப் பரிசும் வாங்கியவன் இல்லை. பள்ளியில் கபடிக்கு ஆள் குறைந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதிலும் முதலில் அவுட்டாகி வெளியே வந்து உட்காருவது நானாகத்தான் இருக்கும். ஆனால் கேட்பதிலும் பார்ப்பதிலும் எனக்கு ஐம்பது வருட அனுபவம் உண்டு. ஒலிம்பிக், ஆசியப் போட்டி, உலகக் கோப்பை என்று உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் செஞ்சியில் உட்கார்ந்தபடியே அதில் கலந்துகொண்டிருக்கிறேன். "அதையெல்லாம் ஒருநாள் எழுதுய்யா" என்று நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்கினாலும் நினைவு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

1975 மார்ச் 15, சனிக்கிழமை. எனக்கு இருபது வயது. வேலை தேடிக்கொண்டிருந்த காலம். கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதிப்போட்டி. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. காந்தி பஜாரில் ஒரு டீக்கடையில் பெரிய ரேடியோ இருந்தது. கடைக்குள் பத்துப் பேர், வெளியே முப்பது பேர். வர்ணனை கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் வரும், கொஞ்ச நேரம் இந்தியில் வரும். ஆங்கிலம் வரும்போது ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் பெஞ்சு மேல் ஏறி நின்று எங்களுக்குத் தமிழில் சொல்வார். இந்தி வந்துவிட்டால் அவரும் எங்களைப் போலத்தான். குரல் வேகமாகப் போனால் பந்து கோல் பக்கம் போகிறது, நிதானமாக வந்தால் நடுவில் கிடக்கிறது என்று நாங்களாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்.

பாகிஸ்தான் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு சுர்ஜித் சிங் சமன் செய்தார். கொஞ்ச நேரத்தில் குரல் திடீரென்று உச்சத்துக்குப் போனது. பாழாய்ப்போன இந்தி! 'கோல்' என்ற சொல் மட்டும் புரிந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை.

"யாருது மாஸ்டர்? யாருது?"

"இருங்கப்பா, இங்கிலீஷ் வரட்டும்."

அந்த இரண்டு மூன்று நிமிடம் நாற்பது பேரும் மூச்சு விடவில்லை. தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து உள்ளே கம்பத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது, கோல் இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடினார்கள், நடுவர் கோல் என்று சொல்லிவிட்டார் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. 2-1. கடைக்காரர் அன்று யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கினார். ஆனால் ஆளுக்கொரு மசால் வடை இனாம். இன்றுவரை ஹாக்கியில் நாம் வாங்கிய உலகக் கோப்பை அது ஒன்றுதான். வடையின் ருசி இன்னும் நினைவிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியபோது அணித்தலைவர் நம் தமிழ்நாட்டுக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். பல நாடுகள் வராததால் சுலபமாகக் கிடைத்தது என்று சொன்னவர்களோடு நான் டீக்கடையில் சண்டையே போட்டேன். அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது. சொந்தமாக ஒரு டிரான்சிஸ்டரும் வாங்கியிருந்தேன்.

அந்த டிரான்சிஸ்டர் 1983 ஜூன் 25 இரவு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. லார்ட்ஸ் மைதானத்தில் நம்மவர்கள் 183 ரன்னுக்குச் சுருண்டுவிட்டார்கள். அதிலும் அதிகபட்சம் நம் ஸ்ரீகாந்த் எடுத்த 38. ரிச்சர்ட்ஸ் வந்து விளாசத் தொடங்கினார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தபோது பேட்டரி கட்டையும் தீரத் தொடங்கியது. பழைய கட்டையை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரியில் வெயிலுக்கு எங்கே போவது? என் மனைவி கட்டைகளை வாங்கி, சூடு ஆறாத அடுப்புத் திண்டின் மேல் வரிசையாக வைத்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இதுக்குப் போயி இந்தப் பாடா?" என்று ஒரு சிரிப்பு வேறு. கட்டைகளைத் திரும்பப் போட்டபோது வந்த சத்தம் ஈயின் ரீங்காரம் அளவுதான். காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். மதன்லால் பந்தில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்ததும், கபில்தேவ் பின்பக்கமாக ஓடிப் பிடித்ததும் அப்படித்தான் என் காதுக்கு வந்தன. வெஸ்ட் இண்டீஸ் 140-ல் ஆட்டமிழந்தது. ராபர்ட்ஸ் பந்தை ஸ்ரீகாந்த் ஒரு முழங்காலை மண்டியிட்டு அடித்த பவுண்டரியை நான் கண்ணால் பார்த்தது பல வருடம் கழித்து டிவியில்தான். ஆனால் அதற்கு முன்பே நூறு தடவை பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கைக்குழந்தை என் மகள். 1982-ல் பிறந்தவள்.

அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா அரையிறுதியில் முதலாவதாக வந்து, இறுதிக்குப் போயிருந்தார். காலையில் பல் தேய்க்காமல்கூட ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். நான்காவது இடம் என்றார்கள். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கோஜோகாரு 55.41 விநாடி, உஷா 55.42. ஒரு விநாடியை நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. அதில் பதக்கம் போய்விட்டது. முதல் தடவை ஓட்டம் தொடங்கியபோது ஒருவர் முந்திக்கொண்டதால் எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி ஓடவிட்டார்கள் என்று படித்தேன். அந்த முதல் தொடக்கமே செல்லுபடியாகியிருந்தால் என்று எத்தனை நாள் புலம்பினேன் தெரியுமா? அலுவலகத்தில் கூட்டல் கணக்கில் பைசா உதைத்தால்கூட "55.42" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

1986-ல் எங்கள் தெருவுக்கு முதல் டிவி வந்தது. மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "இன்னும் கொஞ்சம், ஆ, விடு விடு!" என்று கத்துவோம். அந்த வருடம்தான் மரடோனா யார் என்று செஞ்சிக்குத் தெரிந்தது. அதே வருடம் சியோல் ஆசியப் போட்டியில் உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். நாளிதழில் வந்த அவர் படத்தை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். என் மகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். "இவங்க யாருப்பா?" என்று கேட்டால் நான் கதையாகச் சொல்வேன். 55.42 என்ற எண் அவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும்.

அவளும் ஓடினாள். ஏழாம் வகுப்பில் பள்ளி விளையாட்டு விழாவில் முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டு வந்தாள். பிறகு வட்டார அளவு, மாவட்ட அளவு. 400 மீட்டர்தான் அவளுக்குப் பிடித்தது. விடியற்காலையில் நான் சைக்கிளை எடுத்துக்கொள்வேன். அவள் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை வாசல் வரை ஓடுவாள். இரண்டு கிலோமீட்டருக்குள்தான் தூரம். ராஜகிரி மேல் மேகம் இருக்கும் நாட்களில் மலை உச்சியே தெரியாது. தேசிங்கு ராஜாவின் குதிரை ஓடிய ஊரில் என் பெண் ஓடுகிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை. கையில் இருந்த எச்.எம்.டி. கடிகாரத்தில் நேரம் குறிப்பேன். நூறில் ஒரு பங்கை அதில் எப்படிப் பார்ப்பது? இருந்தாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

1998. அவள் பன்னிரண்டாம் வகுப்பு. மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். வெளியூரில் மூன்று நாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் போடவில்லை.

"பப்ளிக் பரீட்சை வருது. மார்க்தான் முக்கியம்" என்றேன். அது சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் வேறு. வயசுக்கு வந்த பெண்ணை வெளியூருக்கு அனுப்பினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள், அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதை யார் யார் பார்ப்பார்கள் என்ற பயம். ஏற்கெனவே ஒரு உறவினர் வீட்டு விசேஷத்தில் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விளையாட்டு என்றாலே சிரிக்கும் என் மனைவிதான், "ஆசைப்படுதுங்க, நானும் கூடப் போறேன், அனுப்பலாமே" என்றாள். நான் கேட்கவில்லை. மகள் அழவில்லை. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் விடியற்காலை நான் சைக்கிளை எடுத்தேன். அவள் எழுந்து வரவில்லை. அதற்குப் பிறகு எழுந்து வரவே இல்லை.

அந்த டிசம்பரில் பாங்காக்கில் ஆசியப் போட்டி. எங்கள் வீட்டிலேயே டிவி இருந்தது. தன்ராஜ் பிள்ளை தலைமையில் ஹாக்கியில் முப்பத்திரண்டு வருடம் கழித்துத் தங்கம். அதைவிட எனக்கு மறக்காதது ஜோதிர்மயி சிக்தர். 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம். கடைசிச் சுற்றில் அந்த வங்காளத்துப் பெண் ஓடியதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினேன். பழைய பழக்கத்தில், "பாப்பா, ஓடி வா, வந்து பாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "எனக்குப் பரீட்சை இருக்கேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஊரார் பெண் ஓடினால் எழுந்து நின்று கைதட்டுகிறவன், தன் பெண் ஓடக் கேட்டபோது பேனாவை எடுக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைத்தது. உறைத்ததை அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பிறகு வருடங்கள் வேகமாக ஓடிவிட்டன. சிட்னியில் மல்லேஸ்வரி, பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, 2011-ல் தோனியின் அந்தக் கடைசி சிக்ஸர், டோக்கியோவில் நீரஜ் சோப்ராவின் ஈட்டி. எல்லாம் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டேன். மகள் நல்ல மார்க் வாங்கினாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, சென்னையில் இருக்கிறாள். விளையாட்டுப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

2023 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி திங்கட்கிழமை வந்ததால் சேர்ந்தாற்போல் விடுமுறை. குழந்தைகளோடு வந்திருந்தாள். சீனாவில் ஹாங்சோ நகரில் ஆசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நான் திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனைக் கையில் பிடித்தபடி உள்ளேயிருந்து வேகமாக வந்தாள்.

"அப்பா, 55.42!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ், 400 மீட்டர் தடை ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் ஓடிய நேரம் 55.42. உஷாவின் தேசிய சாதனையை முப்பத்தொன்பது வருடம் கழித்து அப்படியே சமன் செய்திருக்கிறாள். நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. அவளோடு இரட்டையாகப் பிறந்த நித்யாவும் அதே போட்டியில் தடை ஓட்டம் ஓடப் போயிருந்தாள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று தோன்றியது.

"அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்மா" என்றேன்.

எந்தக் கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

"போயிருந்தாலும் முதல் சுத்துலயே வெளிய வந்திருப்பேன்பா. எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா போய்ப் பாத்திருப்பேன்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிரவே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் இறுதிப்போட்டியில் வித்யாவுக்கு 55.68 விநாடியில் வெண்கலம். அடுத்த நிமிடமே போன் வந்தது. "பாத்தியாப்பா?" என்றாள். "பாத்தேம்மா" என்றேன். ஐந்து நிமிடம் ஓட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். இருபத்தைந்து வருடம் கழித்து.

விடியற்கால நேரங்களை எழுதி வைத்த அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. உஷா படம் பழுப்பேறி ஓரம் உதிர்ந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது நோட்டை அவளிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டில் பேத்தியோ பேரனோ ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால், அப்பா அம்மா யோசித்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜெயிப்பதும் தோற்பதும் அவர்கள் பாடு. போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.