தரிசு என்று பேர்

நியூஜெர்சியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் அங்குள்ள பைன் காடு, அட்லாண்டிக் சிட்டிக்குப் போகிற வழியில் கார் ஜன்னலுக்கு வெளியே ஓடும் பச்சைச் சுவர். எனக்கும் எட்டு வருஷம் அப்படித்தான் இருந்தது. ஒரு மார்ச் மாதம் சாலையோரத்தில் புகை தெரிந்து வண்டியை நிறுத்தினேன். மஞ்சள் சட்டை போட்ட தீத்தடுப்பு ஊழியர்கள், எரியும் எண்ணெய்க் குடுவையைச் சாய்த்துத் தரையில் சொட்டுச் சொட்டாக நெருப்பை விட்டுக்கொண்டே மரங்களுக்கு நடுவே நடந்தார்கள். அணைக்க வேண்டியவர்களே கொளுத்துகிறார்களே என்று பதறிவிட்டது. தீ முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. சருகை மட்டும் தின்றுகொண்டு மாடு மேய்வதுபோல மெல்ல நகர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காட்டுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினேன். காலடியில் மணல். சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் கால் புதையப் புதைய வளர்ந்தவன் நான். அங்கே சிவப்பு, இங்கே வெளுப்பு, அவ்வளவுதான். மழை பெய்த சுவடே மறுநாள் இருக்காது என்பதில் இரண்டும் ஒன்று. தண்ணீர் நிற்காமல் இறங்குகிறது, போகும்போது மண்ணின் சத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது அமிலத்தில் புளித்த மணல். பைன் மரத்தின் ஊசியிலைகள் அதில் எளிதில் மக்காமல் மெத்தைபோலச் சேரும். நான்கு நாள் வெயிலும் காற்றும் போதும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பஞ்சாகிவிடும்.

இந்த மணலில் நிமிர்ந்து நிற்பது பிட்ச் பைன் என்ற மரம். உயரமில்லை, நேர்த்தியுமில்லை, முறுக்கிக்கொண்டு, பட்டை செதில் செதிலாகத் தடித்துக் கிடக்கும். அந்தப் பட்டைதான் அதன் கவசம். அடிமரத்திலும் பட்டைக்கு உள்ளேயும் மொட்டுகள் உறங்குகின்றன. உச்சி முழுவதும் கருகினாலும் இவை விழித்துக்கொள்ளும். காட்டின் நடுவே குட்டை மரங்களாகவே பரந்து கிடக்கும் ஒரு வெளி உண்டு. நடுவில் நின்றால் மரங்களின் தலைக்கு மேலாகத் தொடுவானம் தெரியும். தீ அடிக்கடி வந்துபோகும் அந்த இடத்தில் மரங்களின் காய்கள் பிசினால் இறுக ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் திறக்காமல் கிளையிலேயே இருக்கின்றன. தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் வாய் திறக்கும். சருகெல்லாம் எரிந்து வெறும் மணல் தெரியும் நேரம் பார்த்து விதை விழுகிறது. சருகு மெத்தைமேல் விழும் விதைக்கு மண்ணைத் தொட வழியேது?

தீயே வராமல் காத்துவந்தால் ஓக் மரங்கள் நிழல் பரப்பி, பைன் கன்றுகளை எழவிடாமல் செய்துவிடும். சருகும் ஏறிக்கொண்டே போகும். பிறகு வருவது மேயும் தீ அல்ல. 1963 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் இந்த மாநிலத்தில் 1,80,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, பெரும்பகுதி இங்கேதான். சருகு ஏறாமலிருக்கத் தீத்தடுப்பு ஊழியர்கள் மூட்டும் தீயின் குளிர்காலப் புகையைப் பற்றிக் காட்டோரத்தில் வீடு வாங்கியவர்கள் குறைபடும்போது அந்த எண்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. புகையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தக் காட்டுக்கு ‘பைன் பேரன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேரன்ஸ் என்றால் தரிசு. குடியேறிகளின் பயிர் விளையாததால் வந்த பேர். எங்கள் ஊரிலும் விளையாத நிலத்துக்கு இதே பேர்தான். நாம் விதைத்தது முளைக்காவிட்டால் மண்ணைக் குறை சொல்கிறோம். ஆனால் பைன் பேரன்ஸின் புளித்த மணலில் புளூபெர்ரிப் புதர் தானாக வளர்ந்து கிடந்தது. எலிசபெத் வைட் என்ற பெண், பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டிக்கொடுக்கும் உள்ளூர்க்காரர்களுக்குக் காசு கொடுத்து, அவர்கள் பேரையே புதருக்கு வைத்தார். தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் கோவில்லுடன் சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த பழம் 1916இல் சந்தைக்கு வந்தது. இன்று கடையில் வாங்கும் புளூபெர்ரியின் பூர்வீகம் இந்தத் தரிசு.

மணல் விழுங்கும் மழை எங்கும் போய்விடவில்லை. அடியில் 17 லட்சம் கோடி காலன் தண்ணீர் இருப்பதாகக் கணக்கு. ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் அந்தத் தண்ணீரை ஃபிலடெல்பியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தில் 1870கள் முதல் இங்கே நிலமாக வாங்கிக் குவித்தார். மாநிலத்துத் தண்ணீர் வெளியே போகக்கூடாது என்று சட்டமன்றம் தடுத்துவிட்டது. 1978இல் இந்தப் பகுதியின் சுமார் 11 லட்சம் ஏக்கர் நாட்டின் முதல் தேசியக் காப்பு நிலமானது. சட்டமன்றம் போட்ட அந்தத் தடை இல்லாதிருந்தால் ஓடைகள் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

போன ஜூலையில் மகளோடு போனேன். ஓடையில் கை நனைத்தவள், “அப்பா, இது கடுங்காப்பியா?” என்றாள். இலைச்சாறும் இரும்பும் கரைந்த நிறம் அது. கரையேறி, வசந்தத்தில் காட்டுத்தீ புகுந்த பகுதிக்கு நடந்தோம். எல்லா மரமும் கரி. ஒரு தண்டை மட்டும் அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். வெடித்த கரும்பட்டையின் இடுக்கிலிருந்து, அவள் சுண்டுவிரல் நீளத்துக்கு, பச்சை ஊசிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தன. தடவிப் பார்த்தாள். மிருதுவாக இருக்கிறது என்றாள். வண்டிக்குத் திரும்பும் வரை கரி படிந்த அந்தக் கையை அவள் துடைக்கவே இல்லை.