உடையப்போகும் உலகத்தில்

2010 டிசம்பர் 7-ஆம் தேதி 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் மூன்றாவது விரிவாக்கமான 'கேட்டக்ளிசம்' வெளியாவதற்கு முன் எழுதியது இது. கொஞ்ச காலமாக அந்த விரிவாக்கத்தைப் பீட்டா எனப்படும் சோதனை சர்வரில் விளையாடி வருகிறேன். நன்றாக இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. இதற்கு முன் வந்த இரண்டு விரிவாக்கங்களும் செய்யத் துணியாத ஒரு காரியத்தை இது செய்கிறது. நாங்கள் வாழ்ந்து பழகிய நிலத்தையே எடுத்து உடைக்கிறது.

2007 ஜனவரியில் 'தி பர்னிங் க்ரூசேட்' வந்தபோது அவுட்லாண்டுக்குக் குடிபெயர்ந்தோம். 2008 நவம்பரில் 'ராத் ஆஃப் தி லிச் கிங்' வந்ததும் நார்த்ரெண்டுக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் கூட்டம் மொத்தமும் புது நிலத்தில் போய்ச் சேர்ந்தது. கலிம்டோர், ஈஸ்டர்ன் கிங்டம்ஸ் என்ற பழைய இரண்டு கண்டங்களும் விளையாட்டு தொடங்கிய 2004 நவம்பரில் எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியே கிடந்தன. அங்கே இருக்கும் சிற்றூர்க்காரர்கள் ஆறு வருடமாக ஒரே உதவியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொள்ளைக்காரர் தலைவனின் தலையைக் கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்லி முடிப்பதற்குள், பின்னால் நிற்பவரிடம் அதே தலையைக் கேட்பார்கள். யார் என்ன செய்தாலும் நிலத்துக்கு எதுவும் ஞாபகம் இருந்ததில்லை.

இப்போது டெத்விங் வருகிறது. ஒரு காலத்தில் நெல்தாரியன் என்ற பெயரோடு பூமியைக் காக்கப் பணிக்கப்பட்ட கறுப்பு டிராகன் அது. பழைய தெய்வங்களின் குரலைக் கேட்டுக் கேட்டுப் புத்தி கெட்டுப்போய், உடல் சிதறிவிடாமல் இருக்க இரும்புத் தகடுகளை மேலே அறைந்துகொண்டு, டீப்ஹோம் என்ற பாதாளத்தில் படுத்திருந்தது. அது பாறையைப் பிளந்துகொண்டு வெளியே வரும் அதிர்ச்சியில்தான் உலகம் மாறுகிறது. வந்ததோடு போய்விடுவதும் இல்லை. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஏதாவது ஒரு நிலப்பகுதியின் மேல் பறந்து, கீழே இருக்கும் அத்தனை பேரையும் எரித்துவிட்டுப் போகிறது. அதில் செத்தவர்களுக்கு ஒரு அச்சீவ்மெண்ட்கூட உண்டு.

என் கேரக்டர் ஒரு டாரன் ஷாமன். டாரன் என்பது எருதின் தலையும் பெரிய உடலும் கொண்ட, சாந்தமான இனம். முல்கோர் புல்வெளியில் பிறந்து பத்துப் பன்னிரண்டு லெவல் ஆனதும் பேரன்ஸுக்கு இறங்குவது எங்கள் வழக்கம். மஞ்சள் புல்லும் தனித்தனி மரங்களும் வரிக்குதிரைகளும் நிறைந்த அந்த வெட்டவெளி, விளையாட்டிலேயே மிக நீளமான நடை. ஆரம்ப வருடங்களில் 40-ஆவது லெவலில்தான் சவாரி மிருகம் கிடைக்கும். அதுவரை கால்தான். மான்கிரிக் என்பவனின் மனைவி எங்கே என்று யாராவது ஒருவர் பொதுச் சாட்டில் கேட்டுக்கொண்டே இருப்பார். கிராஸ்ரோட்ஸ் என்ற ஊருக்குத் தெற்கே அவள் உடல் கிடக்கும் இடத்தை யாராவது ஒருவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தச் சாட்டில் வம்பும் வசையும் நிறைய உண்டு. ஆனாலும் முன்பின் தெரியாதவர்களோடு பேச நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பீட்டாவில் முதல் வேலையாக அங்கேதான் போனேன். பேரன்ஸ் குறுக்கே பிளந்து, வெடிப்பின் அடியில் எரிமலைக் குழம்பு ஓடுகிறது. வடக்கு ஒரு நிலப்பகுதி, தெற்கு வேறொரு நிலப்பகுதி. தெற்கில் ஓரிடத்தில் காடு கட்டுக்கடங்காமல் முளைத்துப் புல்வெளியை விழுங்கியிருக்கிறது. முல்கோருக்குள் நுழையும் வழியில், எப்போதும் திறந்தே கிடந்த இடத்தில், பெரிய கதவு போட்டிருக்கிறார்கள். கேம்ப் டாராஜோ எரிந்துவிட்டது. டாரன்கள் பயணத்தில் இளைப்பாறும் சின்ன முகாம் அது, வேட்டைக்காரர்களும் தோல் பதனிடுகிறவர்களும் இருந்த இடம். எதிர்த் தரப்பான அலையன்ஸின் படை அதைக் கொளுத்திவிட்டது.

அந்தக் கதையை எழுதியவர்களின் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. தாக்குதலை நடத்திய தளபதி, பொதுமக்கள் தப்பிப்போக வேண்டும் என்றே தன் படை வரிசையில் ஓரிடத்தைத் திறந்துவிட்டிருந்தான் என்பது குவெஸ்ட் எனப்படும் பணிகளில் தெரியவருகிறது. தப்பி ஓடியவர்களை வழியில் வேறு எதிரிகள் கொன்றார்கள். எங்கள் தரப்பு அவனைக் கசாப்புக்காரன் என்கிறது, அவன் தரப்பு கண்ணியமான வீரன் என்கிறது. இரண்டு பக்கத்துக் குவெஸ்ட்களையும் செய்து பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2004-இன் பேரன்ஸில் பன்றி முகக்காரர்களைக் கொன்று தந்தம் சேர்த்ததைத் தவிர எனக்கு வேறு கவலை இருந்ததில்லை. இப்போது அதே மண்ணில் நின்று ஒரு போரின் நியாய அநியாயத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. இதை வளர்ச்சி என்றுதான் சொல்வேன்.

தெற்கே தவுசண்ட் நீடில்ஸ். ஊசி ஊசியாகப் பாறைத் தூண்கள் நிற்கும் வறண்ட பள்ளத்தாக்கு. பேரன்ஸ் விளிம்பிலிருந்து மர லிஃப்டில் இறங்குவோம். அடியில் உப்புப் பாலை, அதில் க்னோம்களும் கோப்ளின்களும் ராக்கெட் கார் ஓட்டிப் போட்டியிடும் பந்தயத் தடம். லிஃப்ட் போய்விட்டது. பள்ளத்தாக்கு முழுக்கக் கடல் புகுந்திருக்கிறது. தூண்களின் தலைகள் மட்டும் தீவுகளாக நிற்க, பந்தயக்காரர்கள் பெரிய படகு ஒன்றில் மதுக்கடையும் கடைகண்ணியுமாகக் குடியேறிவிட்டார்கள். நான் நீரில் மூழ்கி அடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். பழைய இடங்கள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. புது ஆட்களுக்கு அவற்றைப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் அவற்றை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சித்தப்பா மகன் ஒருவன் போன வருடம்தான் விளையாடத் தொடங்கினான். கலிம்டோர் பக்கமே அவன் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "ஏரி சூப்பரா இருக்குண்ணே, இங்கயே மீன் பிடிக்கலாம்போல" என்றான். அவனுக்கு அது ஏரி. தண்ணீருக்குக் கீழே ஒரு பாலைவனம் இருந்தது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. "டேய், இது ஒரு காலத்துல பொட்டல் காடுடா" என்று ஆரம்பித்து லிஃப்டையும் பந்தயத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தால் பழைய பதிப்பு அலமாரியில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. நிலம் பிளிசார்ட் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. விரிவாக்கத்தை வாங்காதவர்களுக்கும், வெளியீட்டுக்கு முன்பே பேட்ச் என்ற மென்பொருள் திருத்தம் வழியாகப் பழைய கண்டங்கள் மாறிவிடும். 2010-இல் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் சந்தா கட்டும் உலகம் இது. அதில் ஒருவர்கூட, நான் பழைய பேரன்ஸிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்ல முடியாது. இதைச் சிலர் அராஜகம் என்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அவர்கள் பக்கம் இல்லை. எதுவும் மாறாமல் காப்பாற்றி வைத்திருந்த அந்த நிலத்தில் கடைசி இரண்டு மூன்று வருடமாக யார் இருந்தார்கள்? புதிதாக வந்தவர்கள் ஆளரவமற்ற சாலைகளில் தனியாக நடந்து, கூட்டம் இருக்கும் நார்த்ரெண்டுக்கு எப்போது போய்ச் சேர்வோம் என்று லெவல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நேசித்ததாகச் சொல்லும் நாங்கள் யாரும் அங்கே இல்லை.

அழிவு மட்டும் நடந்திருக்கிறது என்று நினைக்கவும் வேண்டாம். டெசலேஸ் என்று ஒரு நிலம். சாம்பல் நிறம், எலும்புக் குவியல்கள், கால் வைக்கவே அலுக்கும். வெள்ளமும் நிலநடுக்கமும் வந்த பிறகு அதன் நடுப்பகுதியில் தண்ணீர் பாய்ந்து, மரமும் புல்லும் செழித்துப் பச்சை பிடித்திருக்கிறது. பேரழிவின் கதைக்குள் இப்படி ஒரு இடம் வைக்க யாருக்கோ தோன்றியிருக்கிறதே என்று மகிழ்ந்து, குவெஸ்ட் எதுவும் எடுக்காமல் வெகுநேரம் அங்கே சுற்றினேன்.

ஆனால் ஒரு பெரிய கோளாறு கண்ணில் படுகிறது. நிலம் ஒருமுறை நகர்ந்துவிட்டு மறுபடி உறையப்போகிறது. டாராஜோ எரிந்ததற்கு மறுநாள் பேரன்ஸுக்கு இனி நிரந்தரம். அதைவிட மோசமானது காலக் குழப்பம். அவுட்லாண்டையும் நார்த்ரெண்டையும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். டெத்விங் வந்த பிறகு பிறக்கும் ஒரு புதுக் கேரக்டர் உடைந்த உலகில் வளர்ந்து, 60-ஆவது லெவலை நெருங்கியதும் அவுட்லாண்டில் சில வருடம் முந்தைய போரில் இறங்கும். அடுத்து நார்த்ரெண்டில், ஏற்கனவே வீழ்ந்த லிச் கிங்கை எதிர்த்துப் படை திரட்டும். 80-இல் திரும்பி வந்தால், டெத்விங் இப்போதுதான் வெளியே வந்தது என்பார்கள். நாங்கள் நடந்தது எது முந்தி எது பிந்தி என்று அறிந்து விளையாடுவோம். புதியவர்களுக்கு இந்த முடிச்சை அவிழ்க்க உள்ளே ஒருவரும் இல்லை. இதற்கு ஏதாவது வழி செய்தே ஆக வேண்டும்.

மூடியிருந்த கதவுகள் திறப்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். சில்வர்பைன் காட்டின் தெற்கே வானுயர ஒரு மதில் நிற்கும், நடுவில் அடைத்த வாயில். அதற்கு அப்பால் கில்நியாஸ் என்ற நாடு என்று மட்டும் தெரியும். டனாரிஸ் பாலையில் உல்டும் என்று ஒரு கதவு. பழைய குவெஸ்ட் ஒன்று அந்தக் கதவு வரை கூட்டிப்போய் நிறுத்திவிடும். ஹைஜால் மலை வரைபடத்தில் இருந்தது, முறையான வழி இல்லை. இந்த மூன்றும் இப்போது திறக்கின்றன. கில்நியாஸில் மழை ஈரம் படிந்த கல் தெரு, உயரத் தொப்பிகள், விளக்குக் கம்பங்கள். ஊருக்குள் ஓநாய் மனிதர்கள் புகுந்து, கடைசியில் நம் கேரக்டரே கடிபட்டு ஓநாய் மனிதனாகிவிடும். உலகத்தைத் தள்ளிவைக்க மதில் கட்டிய ராஜாவின் நாடு உள்ளிருந்தே அழிவதை, 'ஃபேசிங்' என்ற உத்தியில், நாம் செய்வதற்கு ஏற்ப நம் கண்ணெதிரே தெரு மாறுவதாகக் காட்டுகிறார்கள். புது ஆட்டத்தைத் தொடங்குபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டில் இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. கோப்ளின்களின் தொடக்கமும் கலகலப்பானது, ஆனால் சத்தம் அதிகம்.

80-இலிருந்து 85 வரை ஐந்தே லெவல்கள்தான். அதற்கென்று உள்ள நிலங்களில் வாஷ்யிர் முழுக்கக் கடலடி. மூச்சுக்கும் ஓட்டத்துக்கும் வழி செய்து, ஏறிப்போக ஒரு கடல்குதிரையும் கொடுத்துவிடுகிறார்கள். அழகு கொட்டிக் கிடக்கிறது. எதிரி மேலேயிருந்தும் வரலாம், கீழேயிருந்தும் வரலாம் என்பதால் எனக்குத் திசை தப்பிக்கொண்டே இருந்தது. இரண்டாவது கேரக்டருக்கு ஹைஜாலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நான் ஹீலர், அதாவது கூட்டாளிகளைக் குணப்படுத்துபவன் என்பதால் இன்னொரு மாற்றம் நேரடியாக என் தலையில் இறங்குகிறது. லிச் கிங் விரிவாக்கத்தின் காலத்தில், மந்திரம் போடச் செலவாகும் மானா தீர்ந்ததே இல்லை. பெரிய மந்திரத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் போதும். இனி எல்லோருக்கும் உயிர் அளவு கூடுகிறது, மானா கரைகிறது. ஹீலிங் வேவ் மெதுவானது, மலிவு. கிரேட்டர் ஹீலிங் வேவ் மெதுவானது, பலமானது, விலை அதிகம். ஹீலிங் சர்ஜ் வேகமானது, மானாவைக் குடித்துவிடும். யார் இன்னும் சில நொடி தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். பிளாக்ராக் கேவர்ன்ஸ் டன்ஜனில் எதிரிகளில் ஒருவரை முடக்கி வைக்காமல் எல்லோர் மேலும் பாய்ந்தால் அடி தாங்க முன்னால் நிற்கும் டேங்க் விழுந்துவிடுகிறார். வெகு நாளைக்குப் பிறகு சண்டைக்கு முன் நின்று பேசிக்கொண்டோம். எதை முடக்குவது, எதை முதலில் அடிப்பது, நான் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் வேண்டும். என் மானா கையிருப்பு பிறர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஒரே ஒரு பயம். 2009 டிசம்பரிலிருந்து டன்ஜன் ஃபைண்டர் என்ற வசதி முன்பின் தெரியாத ஐந்து பேரைச் சேர்த்து அனுப்புகிறது. வணக்கம்கூடச் சொல்லாமல் முடித்துவிட்டுக் கலையும் பழக்கம் வந்துவிட்டது. பேசினால்தான் பிழைக்க முடியும் என்ற இடத்தில் இந்தக் கூட்டம் பேசுமா, ஒருவரையொருவர் திட்டிவிட்டு வெளியேறுமா? முதல் மாதம் ஹீலர்களுக்குக் கடினமாக இருக்கும். புது ஹீலர்களை யாரும் விரட்டிவிடக் கூடாது என்று எங்கள் கில்டில், அதாவது எங்கள் குழுவில், இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

இனி பறப்பது. அவுட்லாண்டில் தொடங்கிய பறக்கும் சவாரி முதன்முறையாகப் பழைய கண்டங்களுக்கும் வருகிறது. 250 தங்கம் கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். தரையில் நடப்பவர் கண்ணுக்காகக் கட்டிய உலகம் அது. மலைகளுக்குப் பின்னால் வெற்றிடம், கட்டடங்களுக்குப் பின்பக்கம் கிடையாது. அத்தனையையும் மேலிருந்து பார்க்கும்படி மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் மேலே ஏறிப் பறந்தபோது, கால் வலிக்க நடந்த பேரன்ஸ் சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெடிப்பும் காடும் டாராஜோவின் புகையும் கீழே வரைபடம்போல நகர்ந்தன. எதிரி இல்லை, சாலை இல்லை, எதிரே வரும் ஆள் இல்லை. இவ்வளவு பாடுபட்டு மாற்றிய நிலத்தைப் பார்க்காமல் தாண்டிப்போகவும் அவர்களே வழி கொடுத்துவிட்டார்கள். அதனால் டிசம்பர் 7-க்குப் பிறகு ஷாமனோடு நான் எடுக்கும் முதல் வழி தரைவழிதான். முல்கோரின் புதுக் கதவில் தொடங்கி, தெற்கு பேரன்ஸ் வழியாகத் தவுசண்ட் நீடில்ஸின் தண்ணீர்க் கரை வரை. தம்பியும் ஒரு டாரனை உருவாக்கிக்கொண்டு கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் லெவலுக்கு அந்த நிலம் ஆபத்து. வழியில் விழுந்தால் எழுப்பிவிட ஒரு ஹீலர் கூடவே இருக்கிறேன்.