கோபத்துக்குக் கணக்குத் தெரியும்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல்., தன் விதிநூலின் 46ஆம் விதிக்குச் 'சண்டை' என்றே தலைப்பிட்டிருக்கிறது. பனித்தளத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் குத்திக்கொண்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். பிறகு எழுந்து வந்து ஆடலாம். இந்த ஐந்து நிமிடக் கணக்கு 1922இல் வந்தது. கால்பந்திலோ கூடைப்பந்திலோ எதிராளியின் முகத்தில் குத்தியவருக்கு அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஐஸ் ஹாக்கியில் குத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். விலையைக் கட்டிவிட்டுத் திரும்பி வரலாம்.

தமிழ் இலக்கியம் படித்து, அதையே கற்பித்துக்கொண்டிருக்கும் உனக்கு இந்த ஆட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். என் சித்தி மகள் டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் வாழ்கிறாள். ஒரு டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் அவள் வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை இரவானால் அங்கே தொலைக்காட்சியில் ஹாக்கிதான். அவளுடைய மகனும் விடியற்காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறவன். ஓர் ஆட்டத்தில் சண்டை மூண்டதும் அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நடுவர்கள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கீழே விழுந்த பிறகுதான் கிட்டே போனார்கள். "இதைப் பிள்ளை பார்க்கணுமா?" என்று கேட்டேன். "சூடு ஏறிட்டா அப்படித்தாங்க, அதுவும் ஆட்டத்துல ஒரு பகுதி" என்றார் தங்கையின் கணவர். அவர் எழுந்து போன பிறகு தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அடி வாங்குறவனைப் பத்திக்கூட எனக்குத் தோணலைக்கா. அடிக்கிறவனோட அம்மா இதை எங்கேயாவது உட்கார்ந்து பாத்துட்டிருப்பாளான்னுதான் தோணுது."

அந்த இரண்டு பேச்சுகளும் என்னோடு ஊருக்கு வந்துவிட்டன. அதன் பிறகுதான் இந்த ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

'சூடு ஏறிவிட்டால் அப்படித்தான்' என்பதை ஹாக்கியின் பெயரே தெரியாத வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். கையை ஓங்கிய கணவனுக்காக மாமியார் அதைச் சொல்வார். சில நேரம் பெற்ற தாயே சொல்வார். கோபம் ஒரு வெள்ளம், வந்தால் நிற்காது, கரையில் இருப்பவள்தான் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். ஹாக்கியைப் படிக்கப் படிக்க, இந்தக் கூற்று எவ்வளவு பொய் என்பதற்கு அந்த ஆட்டமே சாட்சி சொல்வதைக் கண்டேன்.

2025 பிப்ரவரி 15, மொன்ட்ரியல் நகரம். நான்கு நாடுகள் மோதிய போட்டித் தொடரில் அமெரிக்காவும் கனடாவும் ஆடின. இரு நாடுகளுக்கும் இடையே அரசியல் உரசல் முற்றியிருந்த நேரம்; அமெரிக்க தேசிய கீதத்துக்குக் கூட்டம் கூச்சலிட்டது. ஆட்டக் கடிகாரம் ஒன்பது நொடி ஓடுவதற்குள் மூன்று சண்டைகள் நடந்து முடிந்தன. சூடு ஏற ஒன்பது நொடி போதுமா? போதாதுதான். அமெரிக்க அணியின் மாத்யூ தகாச்சுக், அவருடைய தம்பி பிரேடி, ஜே.டி. மில்லர் மூவரும் முன்கூட்டியே கைபேசிக் குழுவில் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அந்தத் தொடரை நடத்தியது என்.எச்.எல்.; அதனால் குத்தின் விலை ஐந்து நிமிடம்தான்.

இதே லீக்கின் ஆட்டக்காரர்கள் 2010இல் வான்கூவரிலும் 2014இல் சோச்சியிலும் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். நாட்டுக்காக, தங்கப் பதக்கத்துக்காக ஆடும்போது உணர்ச்சி குறைவாகவா இருக்கும்? ஆனால் பன்னாட்டு விதிப்படி அங்கே சண்டையிட்டால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். கையுறை கழற்றும் சண்டையை ஒலிம்பிக்கில் காண்பது அரிது. என்.எச்.எல்.லிலேயே, கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளில் ஐந்து நிமிடம் விலைமதிப்புள்ளதாகிவிடும்போது சண்டைகள் குறைந்துவிடுகின்றன. அதே ஆண்கள், அதே உடல்கள், அதே மட்டைகள். விலை ஏறியதும் கோபம் அடங்குகிறது. மேலதிகாரியிடம் ஒருநாளும் கைநீட்டாத மனிதன், வீட்டுக்கு வந்ததும் 'கட்டுப்படுத்த முடியவில்லை' என்று சொல்வதை நாம் அறிவோம். கோபத்துக்குக் கணக்குத் தெரியும்.

இந்தச் சண்டைகளுக்கென்றே அணிகள் ஆள் வைத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் 'என்ஃபோர்சர்' என்பார்கள். நட்சத்திர ஆட்டக்காரனை எதிரணி சீண்டினால் இறங்கிப்போய் அடிப்பது அவன் வேலை. நம் மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் 'அடியாள்'. இன்று நாம் அதைக் கூலிக்கு அடிப்பவன் என்ற பொருளில் ஆள்கிறோம். பழைய வழக்கில் அடியாள் என்றால் பணிப்பெண், அடிமைப்பெண். அடிப்பவனுக்கும் அடிமைப்பட்டவளுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது, டெரெக் பூகார்டின் கதையைப் படித்தபோது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பூகார்ட் கனடாவின் சஸ்கடூனில் 1982இல் பிறந்தவர். ஆறடி ஏழு அங்குல உயரம். மினசோட்டா அணிக்கும் பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கும் ஆடினார். 277 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் மூன்று. தண்டனையாகக் கழித்தது 589 நிமிடம். எதற்காக அவரை வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு ஆவணம் வேண்டாம். 2010 டிசம்பரில் ஒரு சண்டையில் மூளையதிர்ச்சி ஏற்பட்டது; அதுவே அவருடைய கடைசி ஆட்டம். 2011 மே மாதம் வலிநிவாரணி மாத்திரையும் மதுவும் கலந்ததில் இறந்தார். வயது 28. அடுத்த மூன்று மாதங்களில் இதே வேலையைச் செய்த ரிக் ரிப்பியனும் வேட் பெலாக்கும் இறந்துபோனார்கள்.

பூகார்டின் மூளையை ஆய்வுக்குத் தரக் குடும்பம் சம்மதித்தது. தலையில் திரும்பத் திரும்ப அடி விழுவதால் மூளை சிதையும் சி.டி.இ. என்ற நோய், அந்த வயதுக்கு எதிர்பாராத அளவு முற்றியிருந்ததைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்த நோயை இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு தாயோ மனைவியோ சம்மதம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010இல் 45 வயதில் இறந்த பாப் ப்ரோபர்ட் என்ற புகழ்பெற்ற அடியாளின் மூளையை அவர் மனைவி டேனி அவ்வாறு கொடுத்தார். அதிலும் அதே நோய் இருந்தது. அடிப்பவனுடைய அம்மா எங்கே இருப்பாள் என்ற தங்கையின் கேள்விக்கு, ஆய்வகத்தின் சம்மதப் படிவத்தில் நான் விடை கண்டேன்.

வகுப்பில் புறநானூறு நடத்தும்போது, ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் வருவாள். வீட்டு ஆண்களைப் போரில் இழந்த பிறகும், எஞ்சிய ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறவள். உரையாசிரியர்கள் வழியில் அவளுடைய மறத்தைப் போற்றிவிட்டு நகர்வதுதான் வழக்கம். ஓர் ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அம்மா, அந்தப் பையன் திரும்பி வந்தானா?" என்று கேட்டாள். பாட்டு அதைச் சொல்வதில்லை. பாட்டு முடிந்த பிறகும் அவள் அந்த வீட்டில்தானே இருந்திருப்பாள் என்று அன்று நாங்கள் வெகுநேரம் பேசினோம்.

லீக்குக்கு இது தெரியாதா? 2016இல் நீதிமன்றத்தின் வழியாக வெளியான மின்னஞ்சல்களில், சண்டை தலைக்காயங்களைக் கூட்டுகிறது, அது மனச்சோர்வைக் கூட்டுகிறது, அது சொந்த வாழ்வின் துயரங்களைக் கூட்டுகிறது என்று லீக்கின் துணை ஆணையர் பில் டேலி 2011இலேயே தமக்குள் எழுதியிருக்கிறார். ஆனால் 2019இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் ஆணையர் கேரி பெட்மேன், ஹாக்கிக்கும் சி.டி.இ.க்கும் முடிவான தொடர்பு நிறுவப்படவில்லை என்றே சாட்சியம் அளித்தார். முன்னாள் ஆட்டக்காரர்கள் முன்னூற்றுக்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கு 2018இல் 1.89 கோடி டாலருக்குச் சமரசமாகியது. தவறை லீக் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் ஒரு பேச்சு, பஞ்சாயத்தில் ஒரு பேச்சு என்பது நமக்குப் புதிதல்ல.

ஒழுங்கு நடவடிக்கையே இல்லை என்று சொல்ல முடியாது. 2000இல் வான்கூவரில் மார்ட்டி மெக்சோர்லி, டொனால்ட் பிரஷியரின் தலையில் மட்டையால் அடித்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. லீக் ஓராண்டு தடை விதித்தது. 2004இல் அதே நகரில் டாட் பெர்டூஸி, ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து தாக்கினார். மூரின் கழுத்தெலும்புகள் மூன்று முறிந்தன. அவர் மறுபடி என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை. பெர்டூஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 80 மணி நேரச் சமூகசேவை செய்தார். 2006 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடினார். இத்தகைய தாக்குதல்களின்போது எல்லோரும் அதிர்ச்சியடைகிறார்கள். மட்டையால் அடித்தது வரம்பு மீறல், பின்னாலிருந்து அடித்தது வரம்பு மீறல் என்று தண்டனை எல்லை வரைகிறது. எல்லைக்கு இந்தப்பக்கம் நடக்கும் அன்றாடக் குத்துகள் அதனாலேயே இயல்பாகிவிடுகின்றன. 'அவன் எலும்பை முறிக்கவில்லையே' என்ற ஆறுதலின் வேலையும் இதுதான்.

2011இல் ஆட்டக்காரர் பாதுகாப்புக்கென லீக் ஒரு துறையை அமைத்தது. 2017 முதல் அதன் தலைவர் ஜார்ஜ் பாரோஸ், முன்னாள் அடியாள். 2021 மே 3 அன்று வாஷிங்டன் அணியின் டாம் வில்சன், குப்புறக் கிடந்த நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் ஒருவரைக் குத்தினார். அந்தக் கைகலப்பிலேயே இன்னொருவரைத் தூக்கித் தரையில் அடித்தார். அவருக்கு 5,000 டாலர் அபராதம், தடை இல்லை. கோபமடைந்த ரேஞ்சர்ஸ் நிர்வாகம், பாரோஸ் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டது. அதற்கு லீக் விதித்த அபராதம் 2,50,000 டாலர். அடித்ததற்கு ஒரு பங்கு, அதைக் கேள்வி கேட்டதற்கு ஐம்பது பங்கு. புகார் சொன்ன பெண்ணுக்கு நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று அறிந்தவர்களுக்கு இந்த விகிதம் வியப்பளிக்காது.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். சண்டை ஒரு காவல், அது இல்லாவிட்டால் மட்டையாலும் முழங்கையாலும் மறைவாகத் தாக்குவது பெருகும் என்கிறார்கள். ஆட்டக்காரர்கள் பலர் உண்மையாகவே இதை நம்புகிறார்கள். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் என்.எச்.எல்.லில் சண்டைகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. நட்சத்திரங்களைக் காக்க ஆளில்லை என்று ஆட்டம் நின்றுவிடவில்லை. இன்னொரு வாதம், இருவரும் சம்மதித்துத்தானே குத்திக்கொள்கிறார்கள் என்பது. மறுத்தால் அணியில் இடம் போய்விடும் என்ற நிலையில் சொல்லும் 'சரி'க்கு என்ன பொருள் என்பதைப் பற்றிப் பெண்கள் நிறையவே எழுதியிருக்கிறோம்.

இதையெல்லாம் சொல்வதால் ஹாக்கி மென்மையாக வேண்டும் என்பதல்ல என் கருத்து. பெண்கள் ஆடிய வரலாறுதான் இந்த இடத்தில் எனக்குத் தெளிவைத் தந்தது. 1990இல் ஒட்டாவாவில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் உடலால் மோதித் தடுப்பதற்கு அனுமதி இருந்தது. கனடா அணிக்கு இளஞ்சிவப்புச் சட்டை போட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு பெண்கள் ஆட்டத்திலிருந்து உடல்மோதல் நீக்கப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று தொடங்கிய பெண்களின் தொழில்முறை லீக், பந்துக்குப் பதிலாக அவர்கள் ஆடும் ரப்பர் வட்டுக்காக ஓரச்சுவரில் உடலால் மோதிக்கொள்ள மீண்டும் இடமளித்தது. ஆட்டக்காரிகள் அதை விரும்பினார்கள். தோளோடு தோள் மோதுகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து விரைகிறார்கள். கையுறை கழற்றிக் குத்துவதற்கு அங்கே இடமில்லை.

வலிமை வேறு, வன்முறை வேறு. ஆண்கள் ஆட்டத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும் என்று நூறு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கூட்டமும் போய்விடும் என்றார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று மொன்ட்ரியலில் டொரொன்டோ பெண்கள் அணியும் மொன்ட்ரியல் பெண்கள் அணியும் ஆடியதைப் பார்க்க 21,105 பேர் வந்திருந்தார்கள். ஓராண்டுக்குள், ஒன்பது நொடியில் மூன்று சண்டைகள் நடந்ததும் அதே அரங்கில்தான்.