கோவாவில் கடற்கரையைத் தாண்டி ஒரு ருசிப் பயணம்!

தீபாவளிக்குத் தறிச்சத்தம் ஓய்ந்ததும் மங்கலத்திலிருந்து கோவா கிளம்புகிறீர்களா? கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். பனாஜியின் ஃபோன்டைனாஸ் தெருக்களில் சிறு குழுவாக நடந்து, போர்த்துகீசிய உணவுகளை ருசிக்கும் சுற்றுலாவுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

கோவாவை 1510 முதல் 1961 வரை ஆண்டவர்கள் போர்த்துகீசியர்கள். ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைப்பது அவர்கள் வழக்கம். கோவாவில் ஒயினுக்குப் பதில் தென்னங்கள் வினிகரும், கூடவே மிளகாயும் சேர, அது விண்டாலு ஆனது. அந்த மிளகாயை அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. நம் வீட்டு மிளகாய்ச் சட்னிக்கும் மூலம் அதே கப்பல்தான்!

விண்டாலு பெரும்பாலும் பன்றி இறைச்சி. அடுக்கு இனிப்பான பெபிங்காவில் முட்டை உண்டு. சைவக்காரர்கள் முன்பே கேட்டுவிடுங்கள். ஒயினும் முந்திரிப்பழ ஃபெனியும் வேண்டாமா? கோகம் சர்பத் இருக்கிறது.