கம்ப்ரஸர் ஏன் எரிந்தது?

குளிர்சாதன சர்வீஸில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. எங்கள் தொழிலில் வயிற்றைக் கலக்கும் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது “கம்ப்ரஸர் போயிடுச்சு” என்பதுதான். கடைக்காரருக்கு அது ஒரு மாத வருமானம். ஆனால் இதை மீட்டரையே தொடாமல் சொல்லும் மெக்கானிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்கடை டீப் ஃப்ரீஸரையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரில் மூன்று முனைகள்: காமன், ஸ்டார்ட், ரன். மெயினை அணைத்து, கெப்பாசிட்டரில் மிச்சமுள்ள கரண்டை இறக்கிவிட்டு, ஒயர்களைக் கழற்றி ஓம்ஸ் பார்க்க வேண்டும். காமனுக்கும் ரன்னுக்கும் 4 ஓம்ஸ், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 9 என்று வைத்துக்கொண்டால், ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் 13 வர வேண்டும். சிலசமயம் காமனிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றுமே காட்டாது. ஆனால் ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையில் சரியாகக் காட்டும். கம்ப்ரஸரும் தொட முடியாத சூட்டில் இருக்கும். உள்ளே இருக்கும் ஓவர்லோடு சூட்டில் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். சில மணி நேரம் ஆறவிட்டால் மூடிக்கொள்ளும். இது தெரியாமல் பழைய இரும்புக்குப் போன நல்ல கம்ப்ரஸர்கள் எத்தனையோ.

மூன்று பேஸ் மோட்டாரில் கணக்கு இன்னும் சுலபம். மூன்று ஜோடிக்கும் ஒரே அளவு வர வேண்டும். பிறகு மெக்கர் வைத்து, காயிலிலிருந்து பாடிக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேக்வம் போட்டிருக்கும் கம்ப்ரஸரில் மட்டும் மெக்கர் வைக்கவே கூடாது. உள்ளே கேஸ் இல்லாத நிலையில் சின்னத் தீப்பொறியே காயிலைத் துளைத்துவிடும். நல்ல மோட்டாரை சோதனை செய்தே கொன்றவர்கள் உண்டு.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, நிஜமாகவே எரிந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் இங்கே வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. மோட்டார் தானாக எரிவது அபூர்வம். வேறெதுவோ அதை எரிக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்காமல் புது மோட்டார் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

தொண்ணூறுகளில் தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனி. பத்து குதிரைத்திறன் செமி ஹெர்மெட்டிக் கம்ப்ரஸர், அதாவது போல்ட்டைக் கழற்றி உள்ளே பார்க்கக்கூடிய வகை. நான்கு மாதத்தில் இரண்டாவது முறையாக எரிந்திருந்தது. முதல் முறை வேறு யாரோ ரீவைண்டிங் செய்து மாட்டியிருந்தார்கள். இரண்டாவது முறை எங்களைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது குற்றவாளி யார் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இருபத்திரண்டு வயது எலக்ட்ரீஷியன் பையன். “ரெண்டு தடவையும் இவந்தான் சார் ட்யூட்டி. கவனமே கெடையாது” என்றார் முதலாளி. முதல் மோட்டாருக்காக மாதம் ஐந்நூறு ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதற்கு வேலையே போகும் என்று பேச்சு. பையன் கை கட்டி, சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

எண்ணெயை இறக்கும்போதே மூக்கைத் துளைத்தது. எரிந்த கம்ப்ரஸர் எண்ணெயில் அமிலம் இருக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினேன். சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பொதுவான சூடு. ஒரே இடத்தில் ஓட்டை மாதிரி வெந்திருந்தால் அங்கே இன்சுலேஷன் போயிருக்கிறது. இங்கே இரண்டு பேஸ் காயில்கள் கரிக்கட்டை. மூன்றாவது, நேற்று வார்னிஷ் போட்டது போல மினுமினுத்தது. ஸ்டார் இணைப்பு மோட்டார் இது. ஒரு பேஸ் வராமலேயே ஓடியிருக்கிறது என்று எழுதி ஒட்டியது மாதிரி இருந்தது.

எங்கே அறுந்தது? ஃபியூஸ் மூன்றும் நன்றாக இருந்தன. கான்டாக்டரைத் திறந்தால் நடு முனையில் வெள்ளியே இல்லை. தேய்ந்து, குழி விழுந்து, கறுத்துப்போயிருந்தது. கையால் அழுத்தி மீட்டர் வைத்தேன். மற்ற இரண்டும் பூஜ்யம். நடுமுனை ஒருமுறை காட்டியது, ஒருமுறை காட்டவில்லை. உப்புக் காற்று ஒரு காரணம். பிரஷர் சுவிட்சின் இடைவெளியைக் குறுக்கி வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார் ஸ்டார்ட் ஆனது பெரிய காரணம். முதல் முறை மோட்டாரை மட்டும் சரிசெய்து இதே கான்டாக்டரில் மாட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஓவர்லோடு ரிலே ஏன் ட்ரிப் ஆகவில்லை? நேம்பிளேட்டில் 16 ஆம்பியர். ரிலே திருகு நின்ற இடம் 22.

“யார் தம்பி இதைத் திருப்பினது?”

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “போன சீசன்ல அடிக்கடி ட்ரிப் ஆச்சு சார். எறால் கெட்டுப்போவும்னு சத்தம் போட்டாங்க. எப்படியாச்சும் ஓடட்டும்னு அண்ணாச்சிதான் சொன்னாங்க. அப்ப இருந்த மெக்கானிக் திருப்பிட்டுப் போனாரு. நான் வந்தே ஆறு மாசந்தான் ஆவுது.”

எங்கள் மேனேஜருக்கு ஒரு கொள்கை உண்டு: கஸ்டமரிடம் வாய் கொடுக்காதே, பில்லைக் கொடு. நியாயம்தான், வருட ஒப்பந்தம் அந்தக் கம்பெனியோடு இருந்தது. ஆனாலும் முதலாளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரணமாக மோட்டார் 12 ஆம்பியர் இழுக்கும். ஒரு பேஸ் போனால் மீதி இரண்டில் சுமார் 1.73 மடங்கு, அதாவது 21 ஆம்பியருக்குப் பக்கம். ரிலே 16இல் இருந்திருந்தால் சற்று நேரத்தில் நிறுத்தியிருக்கும். 22இல் இருந்ததால், கண்ணெதிரே மோட்டார் வெந்தும் சும்மா இருந்தது.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நாந்தான் எரிச்சேன்னு சொல்லுதீங்களா?”

“அப்படிச் சொல்லலை அண்ணாச்சி. போன வருஷம் அது சும்மா ட்ரிப் ஆகலை. கான்டாக்டர் கெட ஆரம்பிச்சதைத்தான் சொல்லியிருக்கு. பையன் அப்ப இங்க வேலையிலேயே இல்லை.”

பதில் இல்லை. டீ மட்டும் வந்தது.

புது கான்டாக்டர், ரிலே 16இல், கூடவே ஒரு பேஸ் போனால் உடனே நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர். லைனில் அமிலத்தை உறிஞ்சும் ஃபில்டர் போட்டு, எண்ணெயை இரண்டு முறை மாற்றினோம். இதைச் செய்யாவிட்டால் பழைய அமிலமே புதுக் காயிலைத் தின்றுவிடும். பிரஷர் சுவிட்ச் இடைவெளியையும் அகலமாக்கினேன். ரொம்பக் குறைந்த சக்‌ஷன் பிரஷரில் ஓட்ட வேண்டாம் என்றும் பையனிடம் சொன்னேன். இந்த மாதிரி கம்ப்ரஸரில் திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் மோட்டாரையும் ஆற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆம்பியர் கம்மியாகக் காட்டும், ரிலே பேசாமலிருக்கும், மோட்டார் மட்டும் உள்ளே சூடாகும். படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும் இது, எனக்கே பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

அடுத்த மாதத்திலிருந்து பையன் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. எங்கள் ஒப்பந்தம் அந்த வருடம் புதுப்பிக்கப்பட்டது, மேனேஜர்தான் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனேன். பேனல் கதவின் உள்பக்கம் ஒரு நோட்டுத்தாள் ஒட்டியிருந்தது. மூன்று பேஸுக்கும் டாங் டெஸ்டரில் எடுத்த ஆம்பியர், காலை மாலை இரண்டு வேளையும், தேதி போட்டு, பையன் கையெழுத்தில். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் மட்டும் ஒரு பேஸில் இரண்டு ஆம்பியர் வித்தியாசம். பக்கத்தில் சிவப்பு மையில், “லக் லூஸ், முறுக்கியாச்சு” என்று எழுதியிருந்தான்.