அங்க அடையாளம்

அந்த அம்மாள் கொண்டுவந்த தாளில் என் கண் போய் நின்றது கடைசிப் பக்கத்துக் கட்டம் ஒன்றில். கப்பல் பட்டியலின் நகல் அது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாகப் போய், உடம்பில் உள்ள குறி என்ற கட்டத்துக்கு வந்து, ‘இடது புருவத்தின் மேல் தழும்பு’ என்று நின்றிருந்தது. ஆள் ஏறியது 1889-இல். போய்ச் சேர்ந்த ஆளை எந்தச் சுடுகாட்டில் எரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தழும்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவர் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்காரர். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டே வயது இளையவர். ஆனாலும் என்னை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிட்டார், அவர்கள் ஊர் வழக்கமாம். பதிவுத்துறையில் முப்பத்துநான்கு வருஷம் குப்பை கொட்டியவன், பழைய கையெழுத்துப் படிப்பான் என்று யாரோ வந்தவாசியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர் வந்து தாளை நீட்டி, “இது என் கொள்ளுத்தாத்தா. எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும்” என்றார். அவரை முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் பெயரும் அதே அளவுக்கு எங்கும் கிடைக்கிற பெயர்தான்.

1860 நவம்பரில் ‘டுரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல், 1911-இல் ஆள் பிடிப்பது நிற்கும்வரை, நேட்டாலுக்குக் கரும்பு வெட்டவும் சுரங்கம் தோண்டவும் போனவர்கள் 1,52,000 பேருக்குமேல். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷத்தில் மாதம் பத்து ஷில்லிங். அத்தனை பேருக்கும் ஒரு எண், ஒரு வரி.

தாலுகா ‘வாண்டிவாஷ்’, நம் வந்தவாசி. அதுவரை சரி. கிராமத்தைத்தான் குமாஸ்தா ‘பூடூர்’ என்று படிக்கும்படி எழுதியிருந்தான். புதூராக இருக்கும். வட ஆற்காட்டில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு புதூரில் விழும்.

மரபணுச் சோதனையை அவர் ஏற்கெனவே முடித்திருந்தார். குழாயில் எச்சில் துப்பி அனுப்பியதற்கு, ‘தென்னிந்தியா’ என்று பதில் வந்திருந்தது. இதைச் சொல்ல எச்சில் எதற்கு? முகத்தைப் பார்த்து நானே சொல்லியிருப்பேன். முனுசாமியைப் பற்றித் தனியாக அதில் ஒன்றும் இல்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற ஒய் குரோமோசோம் பெண்களுக்குக் கிடையாது. தாய்வழியில் இறங்குகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அவருக்கு உண்டு. ஆனால் அது அம்மாவின் அம்மாவின் அம்மா சமாசாரம், முனுசாமிக்கு அதில் பாத்தியதை இல்லை. மிச்சத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு கொள்ளுத்தாத்தாவுடையது, எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. ஒய் வேண்டுமானால் தம்பி துப்ப வேண்டும். தம்பி மாட்டேன் என்றுவிட்டாராம்.

ஒத்துப்போகிறவர்கள் என்று ஒரு பட்டியலும் வந்திருந்தது. அத்தனை பேரும் ‘கசின்’. எனக்கு எரிச்சல் வந்தது. பங்காளியா, மாமன் மச்சானா? பொண்ணு கொடுக்கலாமா, கூடாதா? அது தெரியாத உறவு என்ன உறவு? போதாக்குறைக்கு, எவ்வளவு மரபணு பொதுவாக இருக்கிறதோ அதை வைத்து எத்தனையாவது தலைமுறையில் பிரிந்தவர்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு, தூரத்தில் பெண் எடுக்கிறவர்களுக்கு ஒத்து வரும். என் பாட்டி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. அதனால் என் அப்பாவுக்கு ஒரே கிழவர் தாத்தாவும் ஆகிறார், கொள்ளுத்தாத்தாவும் ஆகிறார். அத்தை மகனைக் கட்டியவள் பெற்ற பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். மற்றவர் வீட்டு வம்சம் மரம் என்றால் எங்களுடையது பந்தலில் ஏறின அவரைக்கொடி. எங்கே ஆரம்பித்தது என்று இழுத்துப் பார்த்தால் பிஞ்சு உதிரும். தூரத்து உறவும் சோதனையில் கிட்டத்து உறவாகத் தெரியும். தவிர, பொருத்தம் பார்க்க இரண்டு ஜாதகம் வேண்டும். வந்தவாசிப் பக்கத்தில் எந்தப் புதூர்க்காரன் குழாயில் துப்பியிருக்கிறான்?

ஆகவே என் வித்தைக்கு வந்தேன். பத்திரம். சொத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல மனிதனுக்கும் போட்டுப் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. பழைய பத்திரங்களில் ‘இன்னார் குமாரன் இன்னார்’ என்று எல்லோருக்கும் தகப்பன் உண்டு. ஆனால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. பெயரன் என்பதுதானே பேரன் ஆயிற்று. முனுசாமி குமாரன் கோவிந்தன், கோவிந்தன் குமாரன் முனுசாமி என்று ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று புதூர்களில் நான்கு முனுசாமிகள் அகப்பட்டார்கள். நால்வரும் நிலம் வைத்திருந்தார்கள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நிலம் இருந்தவன் கரும்பு வெட்ட ஏன் கப்பல் ஏறுகிறான்? வாங்கவும் விற்கவும் இல்லாதவன் முப்பத்துநான்கு வருஷமும் என் மேஜைக்கு வந்ததே இல்லை. அவன் பெயர் மிஞ்சிப்போனால் யார் வீட்டு மொய் நோட்டிலாவது இருந்திருக்கும், நாலணாவுக்கு எதிரே. அந்த நோட்டையும் கரையான் தின்றிருக்கும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமைதான். என் கொள்ளுத்தாத்தாவும் காணி நிலம் இல்லாதவர், ஊரைவிட்டு எங்கும் போகாதவர். அவர் உயரம் என்ன? யாருக்கும் தெரியாது. முனுசாமி ஐந்தடி நாலு அங்குலம்.

அந்தத் தழும்புக் கட்டத்தை மட்டும் முழுசாக நம்பினேன். சாதிக் கட்டத்தை நம்பவில்லை. டிப்போவில் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. வயதும் குத்துமதிப்பு. தழும்பை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, பார்த்து எழுதுவது. இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

பதினோராம் வகுப்பு. அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும் என்று வாத்தியார் நாற்காலியை வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசையாகப் போய் நின்றோம். மச்சம் உள்ளவனுக்கு அன்றைக்கு ராஜமரியாதை. ஒருவன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான், “போலீஸ்காரன் கேட்டால் இப்படித்தான் காட்டுவியா? தெரியிற இடத்துல சொல்லுடா” என்று அடி வாங்கினான். வேலியில் விழுந்தவனும் மாடு முட்டினவனும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். எனக்கு இடது காது மடலுக்குக் கீழே ஒன்று கிடைத்தது. இரண்டாவது இல்லை. வாத்தியார் என் கையைத் திருப்பினார், முழங்காலைப் பார்த்தார், மோவாயைத் தூக்கினார். எனக்குப் பின்னால் இருபது பேர். மணி அடிக்கிற நேரம். கடைசியில், “வலது முழங்கையில் ஒரு கரும்புள்ளி” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அது பேனா மை. சாயந்திரம் குளத்தில் குளித்ததும் போய்விட்டது. அரசாங்கத்துக்கு மட்டும் அது போகவே இல்லை. வேலையில் சேர்ந்தபோது பணிப்பதிவேட்டில் ஏறிற்று. அங்கிருந்து ஓய்வூதியப் புத்தகத்துக்கு வந்தது. சேர்ந்த அன்று யாராவது சட்டைக் கையை மடிக்கச் சொல்வார்கள் என்று பயந்து, வீட்டிலேயே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனேன். யாரும் பார்க்கவில்லை. என் பேரன் என்றாவது என்னைத் தேடினால் அந்தப் புள்ளி அகப்படும்.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, தன் இடது புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை; இருக்கவும் முடியாது. எந்த மரபணுவும் தழும்பைத் தூக்கிக்கொண்டு வராது.

அவர் திரும்புவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை, ஆரணிச் சாலையில் ஒரு மண்டபத்தில் என் மைத்துனர் பேத்திக்குக் காதுகுத்து. வருகிறேன் என்று பிடிவாதமாக வந்தார். ஆடி மாதம். வழியில் மாரியம்மன் கோவிலில் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தார். அவர்கள் ஊரிலும் ஆடிக்கு வார்ப்பார்களாம்.

மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்ததும் மொய் வைக்க வேண்டும் என்றார். வரிசையில் நின்றோம். எழுதுகிறவர் தலை நிமிராமல், “ஊரு?” என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “புதூர்.”

எந்தப் புதூர் என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும். பின்னால் வரிசை பந்தி வரைக்கும் நின்றிருந்தது. ‘புதூர், முனுசாமி வகையறா, 501’ என்று எழுதி, பணத்தை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு, “அடுத்து யாரு?” என்றார்.